தரை டிக்கெட்டுக்காக எடுத்த படங்கள்

பேய், பழிவாங்கல், துப்பாக்கி, கவர்ச்சி ஆகியவற்றை நம்பிக் குறைந்த காசில், குறைந்த நாட்களில் எடுத்த படங்களைத் திரைப்பட வரலாறு நெடுங்காலம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1960 முதல் 1985 வரை இத்தகைய படங்களை மிகுதியாக எடுத்துக் குவித்த நாடுகளில் இத்தாலி முன்னணியில் நின்றது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் அதற்கு நெருங்கிய உறவான ஒரு படவகை செழித்திருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் துப்பறியும் படங்கள், எம். கர்ணன் இயக்கிய குதிரைப் படங்கள், தெலுங்கிலிருந்து டப்பிங் ஆகி வந்த விட்டலாச்சாரியாவின் மாயாஜாலப் படங்கள் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. பட்டணத்துப் பத்திரிகைகள் இவற்றுக்குச் சில வரிகளே ஒதுக்கின. தஞ்சை வட்டாரத்தில் ஒரத்தநாடு, திருவோணம், பாப்பாநாடு போன்ற ஊர்களின் கொட்டகைகளில் படப்பெட்டி வந்து இறங்கியதும் கூட்டம் கூடியது இவற்றுக்குத்தான்.

இந்தப் படங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, அவை ஓடிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்ப் பட வியாபாரம் ஊர்களைப் பெருநகரம் முதல் சிற்றூர் வரை ஏ, பி, சி சென்டர் என்று பிரித்தது. இத்தாலியிலும் முதல் காட்சி அரங்கு, இரண்டாம் காட்சி அரங்கு, மூன்றாம் காட்சி அரங்கு என்று படிநிலை இருந்தது. புதுப் படம் ரோமிலும் மிலானிலும் ஓடித் தேய்ந்த பிறகுதான் தெற்கத்திச் சிற்றூர்களை எட்டும். தஞ்சை வட்டாரத்திலும் அதே கதைதான். சென்னையிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஓடி முடித்து, கோடு விழுந்து, அங்கங்கே அறுந்து ஒட்டிய பிரதி கடைசியாகத்தான் டூரிங் டாக்கீசுக்கு வந்து சேரும்.

டூரிங் கொட்டகைக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். அவர் போட்ட வழியில் வந்தவைதான் பின்னாளில் காவிரி டெல்டாவின் அறுவடை முடிந்த வயலோரங்களில் எழுந்த கீற்றுக் கொட்டகைகள். பகல் வெளிச்சம் கீற்றிடுக்கில் நுழையும் என்பதால் அங்கே மேட்னி கிடையாது, முதல் ஆட்டமும் இரண்டாம் ஆட்டமும் மட்டும்தான். பெரும்பாலும் ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் இடைவேளை விட வேண்டும். முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு. தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்கள். குழந்தைகள் அழும், முறுக்கு விற்பவர் குறுக்கே நடப்பார். நாள் முழுக்க நாற்று நட்டோ கதிர் அறுத்தோ களைத்து வந்தவர்கள் பாதிப் படத்தில் கண்ணயர்ந்து, சண்டைக் காட்சியில் விழித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட கொட்டகையில் நுணுக்கமான உரையாடலும் மெல்ல விரியும் மனப் போராட்டமும் எடுபடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்திருப்பவரை நிமிர்த்தவும் தூங்குபவரை எழுப்பவும் ஏதாவது நடக்க வேண்டும். ஒரு ரீலைத் தவறவிட்டாலும் அடுத்த ரீல் தனியே நின்று சுவை தர வேண்டும். இத்தாலியின் மூன்றாம் காட்சி அரங்குகளிலும் மக்கள் நண்பர்களோடு பேசிக்கொண்டும் நடுவில் வெளியே போய்வந்துகொண்டும்தான் படம் பார்த்தார்கள். அதனால் இரு நாட்டுப் படங்களும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. கதை வெறும் நூலாக இருந்தது. கொலை, குதிரைத் துரத்தல், பேயின் வருகை, பாட்டு ஆகியவை அதில் கோத்த மணிகள். விமர்சகர்கள் குறையாகச் சொன்ன இந்த அமைப்பு, பார்வையாளரின் களைப்பையும் அவர் கொடுத்த காசையும் மதித்ததால் உண்டானது.

இத்தாலியர்கள் இந்த உற்பத்தி முறையை ‘பிலோனே’ என்றார்கள். சுரங்கத்தில் ஓடும் தாது இழையைக் குறிக்கும் சொல் அது. ஒரு படம் வெற்றி பெற்றால் அந்த இழை வற்றும்வரை எல்லோரும் தோண்டுவார்கள். 1964-ல் செர்ஜியோ லியோனே சுமார் 2 லட்சம் டாலரில் ‘எ பிஸ்ட்புல் ஆப் டாலர்ஸ்’ எடுத்தார். கதை அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’விலிருந்து கேட்காமல் எடுத்தது. அதனால் வழக்கு வந்தது, வசூலில் பங்கு கொடுத்துத் தீர்க்க நேர்ந்தது. அமெரிக்கப் பாலைவனமாகக் காட்டப்பட்டது ஸ்பெயினின் வறண்ட நிலம். படம் அமெரிக்கப் படமாகத் தெரிய வேண்டும் என்று லியோனே தம் பெயரை பாப் ராபர்ட்சன் என்றும், இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே தம் பெயரை டான் சாவியோ என்றும் போட்டுக்கொண்டார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான கௌபாய்ப் படங்கள் வந்தன. 1966-ல் செர்ஜியோ கொர்புச்சியின் ‘ஜாங்கோ’ வென்றதும், அந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாத பல படங்கள் ‘ஜாங்கோ’ என்ற பெயரோடு வெளியாயின.

கௌபாய் இழைக்குப் பக்கத்திலேயே ‘ஜல்லோ’ என்னும் கொலை மர்ம இழையும் ஓடியது. ஜல்லோ என்றால் மஞ்சள். மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் வெளியிட்ட மலிவு விலைத் துப்பறியும் நாவல்களால் வந்த பெயர். மாரியோ பாவா 1964-ல் முகமூடிக் கொலையாளியை வைத்து எடுத்த ‘பிளட் அண்ட் பிளாக் லேஸ்’ இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான பாவாவிடம் காசு இல்லை. வண்ண விளக்குகளும் புகையும் கண்ணாடித் தந்திரங்களும் இருந்தன. அவர் வழியில் வந்த தாரியோ அர்ஜெந்தோ 1977-ல் ‘சஸ்பிரியா’வில் சிவப்பையும் நீலத்தையும் திரையில் கொட்டினார். லூசியோ புல்சி 1979-ல் ‘ஜாம்பி 2’ படத்தில் கடலுக்கடியில் ஒரு பிணத்தையும் சுறாவையும் மோதவிட்டார். அதற்கு முன் யாரும் காட்டாத காட்சி அது.

மலிவு நாவலிலிருந்து மலிவுப் படம் பிறந்த இந்தக் கதைக்கு ஒரத்தநாட்டின் அண்டையிலேயே இணை உண்டு. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது வடுவூர். அந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட கே. துரைசாமி ஐயங்கார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர்ம நாவல்களை எழுதிக் குவித்தார். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளை எடுத்து, அவற்றுக்குத் தஞ்சாவூர் வேட்டியும் கும்பகோணத்துப் பேச்சும் கொடுத்தார். தழுவல் என்ற வசையையும் ஏராளமான வாசகர்களையும் ஒரே சமயத்தில் சம்பாதித்தார். அவருடைய ‘மேனகா’ 1935-ல் படமானது. ‘திகம்பர சாமியார்’ கதையை மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் படமாக்கியபோது, எம்.என். நம்பியார் பல மாறுவேடங்கள் போட்டு அதில் கதாநாயகனாக நடித்தார்.

டி.ஆர். சுந்தரம் 1930-களில் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. குறித்த செலவுக்குள், குறித்த நாளில் படத்தை முடிப்பது அதன் கொள்கை. 1963-ல் அவர் மறைந்த பிறகு, மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்ற காலத்தில் நிறுவனம் துப்பறியும் படங்களின் இழையைப் பிடித்துக்கொண்டது. 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’, 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’, 1972-ல் ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று வரிசை நீண்டது. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் சாயலில் ரகசிய அறைகளும் சுழலும் சுவர்களும் வந்தன. இந்தி மெட்டுகளை எடுத்துத் தமிழுக்குப் பொருத்தும் வேலையை இசையமைப்பாளர் வேதா செய்தார். அந்த மெட்டுகளுக்குக் கண்ணதாசன் பாட்டு எழுதியபோது, இரவல் வாங்கிய மெட்டு என்ற நினைப்பே கேட்பவருக்கு வராமல் போனது. ‘இரவும் பகலும்’ மூலம் 1965-ல் அறிமுகமான ஜெய்சங்கர் இந்தப் படங்களால் ‘தென்னக ஜேம்ஸ் பாண்ட்’ ஆனார். வெள்ளிக்கிழமைதோறும் அவர் படம் ஏதாவது ஒன்று வருவதுபோல் இருந்ததால் ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்றும் அழைத்தார்கள். ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் நடித்த சகுந்தலா கடைசிவரை ‘சி.ஐ.டி. சகுந்தலா’வாகவே அறியப்பட்டார்.

இத்தாலிக்கு இன்னும் நெருங்கிப் போனவர் கர்ணன். பாவாவைப் போலவே அவரும் ஒளிப்பதிவாளர்தான். ‘கற்பகம்’ போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர், ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) என்று ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றிவிட்டார். தமிழ்நாட்டில் கௌபாய் இருந்ததில்லை. ஆனால் நிலத்தையும் நீதியையும் ஒருவனே கையில் வைத்திருக்கும் ஊரையும், தட்டிக் கேட்க வெளியிலிருந்து ஒருவன் வரமாட்டானா என்ற ஏக்கத்தையும் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பண்ணையார்களின் அதிகாரத்தைப் பார்த்து வளர்ந்த காவிரிப் படுகைக்கு அந்தத் தொப்பிக்காரன் அந்நியனாகத் தெரியவில்லை. அதே சமயத்தில் தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ், கிருஷ்ணாவை வைத்து 1971-ல் ‘மோசகாள்ளகு மோசகாடு’ எடுத்தார். ராஜஸ்தான் பாலைவனத்தில் எடுத்த அந்தப் படம் லியோனேவின் பாதிப்பை ஒளிக்கவே இல்லை. ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்ற பெயரில் அது தமிழுக்கும் வந்தது.

இந்த உலகத்தின் உச்சம் பி. விட்டலாச்சாரியா. உடுப்பிப் பக்கத்தில் 1920-ல் பிறந்த அவர், படம் எடுக்கும் முன்பு கர்நாடகத்தில் நண்பர்களோடு டூரிங் டாக்கீஸ் நடத்தினார். ஒவ்வொரு படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார், மக்கள் எங்கே கைதட்டுகிறார்கள், எங்கே எழுந்து வெளியே போகிறார்கள் என்பதையும் கண்ணால் கண்டிருப்பார். தரை டிக்கெட்டுக்காரரை இவரைவிட நன்றாக அறிந்த இயக்குநர் தென்னிந்தியாவில் இருந்திருப்பது சந்தேகமே. அவருடைய ‘ஜகன்மோகினி’ 1978-ல் தெலுங்கில் வந்து, தமிழிலும் பெரும் வெற்றி பெற்றது. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கும் பேய் அந்தப் படத்தில்தான் வருகிறது. காட்சியின் தந்திரம் மிக எளிது. ஆனால் அதன் ஆற்றல் தந்திரத்தில் இல்லை. தினமும் விறகு பொறுக்கி அடுப்பூதும் பெண்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அன்றாட வேலையையே எடுத்துக் கனவாகவும் பயமாகவும் மாற்றிக் காட்டியதால்தான் அந்தக் காட்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படுகிறது. விட்டலாச்சாரியாவின் கேமரா நிற்கும், நடிகர் நகர்வார், கேமரா மறுபடி ஓடும். ஆள் மறைந்துவிடுவார். கம்பியில் ஆடும் எலும்புக்கூடும் அட்டைக் கோட்டையும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அம்மன் கதைப் பாட்டும் தெருக்கூத்தும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குறையே இல்லை. கூத்தாடியின் முகத்தில் அரிதாரம் இருப்பது தெரிந்தும் அவனை இரணியனாக ஏற்றுக்கொள்பவர்கள்தானே அவர்கள்.

இந்த வகைப் படங்களின் ஈர்ப்பை இங்கேதான் தேட வேண்டும். பெரிய படம் தன் உழைப்பை மறைக்கிறது, சிறிய படத்தில் கைவேலை வெளியே தெரிகிறது. ‘அதே கண்கள்’ (1967) படத்தின் முகமூடிக் கொலையாளியையோ, ‘துணிவே துணை’ (1976) படத்தின் தொடக்கத்தில் இருட்டில் பாடித் திரியும் வெள்ளைச் சேலை உருவத்தையோ பார்க்கும்போது, விளக்கு, நிழல், காற்று, ஒரு குரல் ஆகிய நான்கை வைத்தே எவ்வளவு செய்ய முடியும் என்பது விளங்குகிறது. காசு இல்லாததால் கற்பனை வேலை செய்தது. பெரிய நட்சத்திரத்தின் பிம்பத்தைக் காக்கும் கடமை இல்லாததால் கதை எங்கே வேண்டுமானாலும் திரும்பியது.

ஆனால் இந்தப் படங்கள் செய்த தீங்கையும் சொல்லாமல் விட முடியாது. பெண்ணுடலை விளம்பரத்தட்டியாக்கிக் காசு பார்த்தது இரு நாட்டிலும் உண்டு. கர்ணனின் ‘ஜம்பு’ (1980) பேசப்பட்டது கவர்ச்சிக்காகவே. ஜோதிலட்சுமி, ஜெயமாலினி, விஜயலலிதா போன்ற நடிகைகள் கடும் உழைப்பாளிகள். ‘ரவுடி ராணி’ (1970) போன்ற படங்களில் விஜயலலிதா தனியாகவே படத்தைத் தூக்கி நிறுத்தினார். ஆனாலும் அவர்களுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. இத்தாலியில் ருஜெரோ தெயோதாதோ 1980-ல் எடுத்த ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ படத்துக்காக உண்மையிலேயே விலங்குகள் கொல்லப்பட்டன. நடிகர்களும் கொல்லப்பட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்து, அவர்கள் உயிரோடிருப்பதை இயக்குநர் நிரூபிக்க வேண்டியதாயிற்று. எந்த ரசனையும் இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

இரண்டு நாடுகளிலும் இந்தக் காலத்தை முடித்துவைத்தது சின்னத்திரை. இத்தாலியில் 1976-க்குப் பிறகு தனியார் தொலைக்காட்சிகள் பெருகின, மூன்றாம் காட்சி அரங்குகள் மூடப்பட்டன. டெல்டாவில் 1980-களில் வாடகை வீடியோ டெக்கும் வண்ணத் தொலைக்காட்சியும் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று நுழைந்த பிறகு கீற்றுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. கௌபாய் ஆசை மட்டும் காகிதத்தில் தங்கியது. இத்தாலியில் 1948-ல் பிறந்த சித்திரக்கதை நாயகன் டெக்ஸ் வில்லர், சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசத் தொடங்கி, இன்றும் பேசுகிறார். சிம்புதேவன் 2010-ல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது கர்ணன் படங்களின் நினைவு மறுபடி கிளர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்பு ‘ஜகன்மோகினி’ மறு உருவம் பெற்றது. கணினி வரைகலை இருந்தும் பழைய அடுப்புக் காட்சியின் அருகில் அதனால் வர முடியவில்லை.

இத்தாலியின் மலிவுப் படங்களுக்கு இன்று மூல நெகட்டிவிலிருந்து புதிய பிரதிகள் எடுக்கப்படுகின்றன. இயக்குநர் குவெண்டின் டாரன்டினோ போன்றோர் அவற்றின் பெயரைச் சொல்லிச் சொல்லியே உலகம் திரும்பிப் பார்த்தது. தமிழில் இத்தகைய படங்களுக்கு அந்த வேலை இன்னும் பரவலாக நடக்கவில்லை. சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. வேதாவின் பாட்டுகள் வானொலியில் தெளிவாகக் கேட்கின்றன. கர்ணனின் குதிரைகளோ தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து பிடித்த, நிறம் வெளுத்த, ஓரம் வெட்டுப்பட்ட பிரதிகளில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.