‘கேளாதே, சொல்லாதே’: அமெரிக்கப் படையில் ஒரு சொல்லின் விலை

சட்டங்கள் பெரும்பாலும் மனிதரின் செயலை நோக்கியே எழுதப்படுகின்றன. சொல்லை நோக்கிய சட்டங்களும் உண்டு. அவதூறு, பொய்ச்சாட்சி ஆகியவை பற்றிய சட்டங்கள் அத்தகையன. அங்கெல்லாம் தண்டனைக்குரியது பொய். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2011 வரை நடைமுறையில் இருந்த ஒரு படைத்துறைச் சட்டமோ, ஒருவர் தம்மைப் பற்றி உண்மை உரைப்பதையே பணிநீக்கத்திற்குரிய காரணமாக்கியது. ‘கேளாதே, சொல்லாதே’ என்னும் பெயரால் உலகம் அறிந்த அச்சட்டத்தை, மொழியின்பால் ஈடுபாடு கொண்ட நாம் ஒருமுறை கருதிப் பார்ப்பது பொருத்தமுடையது.

முதலில் நம் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் நெடுங்காலம் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்னும் சொல் வழங்கியது. அது ஒரு செயலைக் கொண்டு மனிதரைச் சுட்டுகிறது. அண்மைக் காலத்தில் பரவியுள்ள ‘தன்பாலீர்ப்பினர்’ என்னும் சொல் ஈர்ப்பைக் கொண்டு, அதாவது இயல்பைக் கொண்டு சுட்டுகிறது. இச்சொல்லையே நாம் இங்கு ஆள்கிறோம். செயலா, இயல்பா என்னும் இவ்வேறுபாடே நாம் காணவிருக்கும் வழக்கின் உயிர்நிலையும் ஆகும்.

தன்பாலீர்ப்பினரைப் படையிலிருந்து விலக்கும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது அவர்களுள் பலர் நீலநிறத் தாளில் அச்சிடப்பட்ட விடுவிப்பு ஆணையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அத்தாளை உடையவருக்குப் போர்வீரர்க்குரிய கல்வி உதவியும் கடனுதவியும் மறுக்கப்பட்டன. வேலை தருவோரும் ஐயத்துடன் நோக்கினர். 1975ஆம் ஆண்டு, வியட்னாம் போரில் பதக்கங்கள் பெற்ற விமானப்படை வீரர் லியோனார்ட் மட்லோவிச், தம் இயல்பைக் கடிதத்தில் எழுதி மேலதிகாரியிடம் அளித்துத் தடையை எதிர்த்தார். அவ்வாண்டிலேயே விலக்கப்பட்டார். இருவரைக் கொன்றதற்குப் பதக்கமும் ஒருவரை நேசித்ததற்குப் பணிநீக்கமும் கிடைத்தன என்னும் பொருள்பட எழுதப்பட்ட அவரது கல்லறை வாசகத்தை வாஷிங்டனில் இன்றும் காணலாம்.

1992ஆம் ஆண்டுத் தேர்தலில் பில் கிளின்டன் இத்தடையை நீக்குவதாக வாக்களித்தார். படைத் தலைவர்களும் நாடாளுமன்றமும் கடுமையாக எதிர்க்கவே, 1993இல் ஓர் உடன்பாடு பிறந்தது. அதன்படி, படையில் சேர வருவோரிடம் அவர்தம் ஈர்ப்பைப் பற்றி அதிகாரிகள் கேட்கமாட்டார்கள். சேர்ந்தவரும் அதைச் சொல்லலாகாது. இவ்விரு பாதிகளும் சம வலிமை உடையவை அல்ல. கேளாமை என்பது துறையின் விதிகளில் இருந்த ஏற்பாடு. சொல்லாமையோ சட்டத்திலேயே எழுதப்பட்டது. தன்பாலுறவுச் செயல், தன்பால் திருமணம், தம் இயல்பை வெளிப்படுத்தும் கூற்று ஆகிய மூன்றும் பணிநீக்கத்திற்குரிய காரணங்கள் ஆயின. மூன்றாவதே நம் கவனத்துக்குரியது. ஒருவர் ‘நான் தன்பாலீர்ப்பினன்’ என்று சொன்னால், அவர் அச்செயலில் ஈடுபடுபவர் அல்லது ஈடுபட நாட்டமுடையவர் என்று சட்டம் ஊகித்துக்கொண்டது. அவ்வாறில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை சொன்னவர் தலையிலேயே விழுந்தது. இயல்பைத் தண்டிக்கவில்லை, செயலையே தடுக்கிறோம் என்று அரசு கூறியது. நடைமுறையில் சொல்லே செயலாகக் கொள்ளப்பட்டது.

இதன் சுமையை அன்றாடப் பேச்சில் காணலாம். விடுப்பை யாருடன் கழித்தாய் என்று தோழர் கேட்பது முகாமில் இயல்பு. தமிழில் ‘அவர்’ என்று சொல்லி ஆணா பெண்ணா என்பதை மறைத்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒருவரைச் சுட்டும் சுட்டுப்பெயர் பாலைக் காட்டிவிடும். ஆகவே, பலர் தம் துணையைப் பற்றிப் பேசுகையில் ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றிச் சொல்லப் பழகினர்; சிலர் பேசுவதையே குறைத்துக்கொண்டனர். துணைவர் போரில் வீழ்ந்தால், வீட்டில் காத்திருந்தவருக்கு முறைப்படி செய்தி சொல்லப் படைக்குக் கடப்பாடு இல்லை. அப்படி ஒருவர் இருப்பதே ஏட்டில் இல்லை.

தடையை ஆதரித்தோர் கூறிய காரணத்தையும் நாம் நேர்மையுடன் நோக்க வேண்டும். படைப்பிரிவு என்பது ஒருவர்மீது ஒருவர் உயிரையே ஒப்படைக்கும் கூட்டம். ஒரே கூடத்தில் உறக்கம், ஒரே இடத்தில் குளியல் என்னும் நிலையில் தன்பாலீர்ப்பினர் வெளிப்படையாக இருப்பின் பிணைப்பு தளரும் என்றனர். தேசிய சேவையை அறிந்த நம் வாசகர்களுக்கு, முகாமில் தனிமை எத்துணை அரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், தன்பாலீர்ப்பினர் முன்பே அக்கூடங்களில் உறங்கிக்கொண்டிருந்தனர் என்பதைச் சட்டமும் மறுக்கவில்லை. சட்டம் வேண்டியதெல்லாம் அவர்களின் மௌனமே. மௌனத்தால் பிணைப்பு வளருமா என்பதே உண்மையான வினா.

அம்மௌனத்துக்குக் கொடுத்த விலை மொழியறிஞரைக் கொண்டே கணக்கிடத்தக்கது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முந்திய நாளில் இடைமறிக்கப்பட்ட இரு அரபுச் செய்திகள் 12ஆம் நாளன்றுதான் மொழிபெயர்க்கப்பட்டன என்பது பின்னர் வெளியாயிற்று. அரபு அறிந்தோர் தேவை அத்துணை பெரிதாக இருந்த அக்காலத்திலேயே, படையின் மொழிப்பயிற்சி நிலையத்திலிருந்து அரபு பயின்றோர் இச்சட்டத்தால் நீக்கப்பட்டனர். நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1994 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளில் நீக்கப்பட்டோர் ஏறத்தாழ 9,500 பேர். அவர்களுள் 322 பேர் அரபு, பாரசீகம், கொரியம் போன்ற முதன்மையான அயல்மொழிகளில் திறன் உடையவர்கள். நீக்கப்பட்டோருக்குப் பதிலாக ஆள்சேர்க்க மட்டும் ஏறத்தாழ 95 மில்லியன் டாலர் செலவாகியிருக்கலாம் என அவ்வறிக்கை மதிப்பிட்டது.

இதற்கிடையில் பிற நாடுகளின் பட்டறிவு திரண்டது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992இலேயே தடையை நீக்கியிருந்தன. பிரிட்டனில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் வழங்கிய தீர்ப்பையடுத்து, 2000 ஜனவரியில் தடை நீங்கியது. அஞ்சிய குலைவு எங்கும் நேரவில்லை. 2010 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டுப் படைத்தலைவர்கள் குழுவின் தலைவர் அட்மிரல் மைக் மல்லன், நாட்டைக் காக்க வரும் இளைஞரைத் தாம் யார் என்பது குறித்துப் பொய்யுரைக்கச் செய்யும் கொள்கை தம்மை உறுத்துவதாக நாடாளுமன்றக் குழுவின்முன் கூறினார். 1993இல் மாற்றத்தை எதிர்த்த முன்னாள் தளபதி காலின் பவலும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அவ்வாண்டு பென்டகன் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 1,15,000 படையினர் விடையளித்தனர். மாற்றத்தால் நன்மையோ, நன்மையும் தீமையும் கலந்த விளைவோ ஏற்படும், அல்லது விளைவே இராது என்றோர் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர். தரைப்போர்ப் பிரிவுகளில் அச்சம் கூடுதலாகவே இருந்தது. ஆனால், தன்பாலீர்ப்பினர் எனத் தாம் கருதிய ஒருவருடன் பணியாற்றியவர்களுள் 92 விழுக்காட்டினர், தம் பிரிவு இணைந்து செயலாற்றும் திறனில் குறை காணவில்லை. அறிமுகம் இல்லாத இடத்தில் அச்சம் மிகுந்தும், அறிமுகம் உள்ள இடத்தில் குறைந்தும் இருந்ததை நாம் இங்கு காண்கிறோம்.

2010 டிசம்பர் 22ஆம் நாள் அதிபர் ஒபாமா நீக்கச் சட்டத்தில் கையொப்பமிட்டார். படையினருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டபின், 2011 செப்டம்பர் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் 13,000க்கும் மேற்பட்டோர் பணியிழந்திருந்தனர். சட்டம் நீங்கிய அன்றே எல்லாம் சீராகிவிடவில்லை. தன்பால் துணைவருக்கு வாழ்க்கைத்துணைக்குரிய உரிமைகள் கிடைக்க, 2013இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் தடை நீங்கி 23 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில்தான் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

புதிய உரிமை வெளிப்பார்வைக்குச் சிறிதாகத் தோன்றலாம். விடுப்பு முடிந்து திரும்பும் வீரரிடம் தோழர் வழக்கமான வினாவைக் கேட்கிறார். அவர் துணையின் பெயரை உள்ளவாறே சொல்லி விடையளிக்கிறார். பிறர் எண்ணிப் பாராமலே நாளும் சொல்லும் அந்த ஒரு விடைக்காக, முன்னவர்கள் பதவியையும் ஓய்வூதியத்தையும் நற்பெயரையும் இழந்தனர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.