சலவை இயந்திரம் எங்கே நின்றது?

மாணவர்களே, வீட்டில் சலவை இயந்திரம் பாதியில் நின்றுவிட்டால் என்ன நடக்கும்? அம்மா இரண்டு மூன்று முறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்ப்பார். அப்பா அதன் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவார். அதன் பிறகு, "பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான்" என்ற பேச்சு தொடங்கிவிடும். புதிய இயந்திரம் என்றால் நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவு. ஆனால் இயந்திரம் நிற்கும்போதெல்லாம் அது கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை. உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறிகள் என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்தீர்களே, அவற்றைக் கொண்டு எங்கே கோளாறு என்று நாமே கண்டறியலாம்.

தொடங்குமுன் ஒரு விதி. இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, தண்ணீர்க் குழாயையும் மூடிவிட வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

நான்கு படிகள்

நம் வீடுகளில் அதிகம் காணப்படும் மேல்மூடி இயந்திரம் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்கிறது. தண்ணீரை நிரப்புகிறது, துணியைச் சுழற்றித் துவைக்கிறது, தண்ணீரை வெளியேற்றுகிறது, வேகமாகச் சுழன்று பிழிகிறது. ஆகவே, "என்ன கெட்டது?" என்று கேட்பதை விட, "எந்தப் படியில் நின்றது?" என்று கேளுங்கள். அந்தப் படிக்குரிய பாகங்கள் இரண்டு மூன்றுதான். தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

தண்ணீர் நிரம்பவில்லை

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அது ஒரு மின்காந்தம். மின்னோட்டம் பாயும்போது கம்பிச்சுருள் காந்தமாகி, சிறிய இரும்புத் தண்டை இழுத்து வழியைத் திறக்கும். அதற்கு முன்னால் மெல்லிய வலை ஒன்று மண்ணையும் துருவையும் தடுத்து நிறுத்தும். காலப்போக்கில் இந்த வலை அடைத்துக்கொள்ளும்.

அடைப்பு வலையில்தானா? இப்படிச் சோதியுங்கள். இயந்திரத்தின் பின்னால் உள்ள குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு வாளியில் விட்டு, தண்ணீரைத் திறந்து, 10 லிட்டர் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். வாளி விரைவாக நிரம்பினால் தண்ணீரில் குறையில்லை, வலையைப் பாருங்கள். வாளியும் மெதுவாகவே நிரம்பினால் குறை இயந்திரத்துக்கு வெளியே இருக்கிறது. இங்கே நாம் ஒரு மாறியை மட்டுமே மாற்றினோம். வலையை வெளியே இழுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும்.

வெளியே குறை என்றால் பெரும்பாலும் அது நீரழுத்தம்தான். பல இயந்திரங்களின் கையேட்டில் குறைந்தபட்ச நீரழுத்தம் 0.03 மெகாபாஸ்கல், அதாவது 30,000 பாஸ்கல் என்று இருக்கும். நீரழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். தண்ணீருக்கு இதைப் போட்டுப் பார்த்தால் 30,000 பாஸ்கலுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் வேண்டும். ஒரு மாடி தாமான் வீட்டில் கூரைக்கு அடியில் உள்ள தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையே 2 மீட்டர் உயரம்தான் இருந்தால் கிடைப்பது சுமார் 20,000 பாஸ்கல். அந்த வீட்டில் புது இயந்திரம் வாங்கி வைத்தாலும் அது தடுமாறும். தொட்டி வழியாக வராமல் நேரடிக் குழாயிலிருந்து இணைப்புக் கொடுப்பதே அங்கே தீர்வு.

தண்ணீர் நிற்காமல் நிரம்புகிறது

தண்ணீர் எவ்வளவு நிரம்பியது என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே ஓர் அழுத்த உணரிக்குச் செல்கிறது. குழாய்க்குள் காற்று அடைபட்டிருக்கும். தண்ணீர் ஏற ஏற அந்தக் காற்று அழுந்தும். 30 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 2,900 பாஸ்கல் அழுத்தம் தரும். அந்த அழுத்தத்தை வைத்து இயந்திரம் நீர்மட்டத்தை அறிகிறது. இந்தக் குழாய் கழன்றாலோ, வெடித்தாலோ, சோப்புக் கசடு அடைத்தாலோ இயந்திரம் தவறாக உணரும். இயந்திரத்தைப் பிரித்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும் என்பதால், தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் "அழுத்தக் குழாயைப் பாருங்கள்" என்று அவரிடம் சொல்ல உங்களுக்குத் தெரியும்.

தண்ணீர் வெளியேறவில்லை

பல மேல்மூடி இயந்திரங்களில் வெளியேற்றும் பம்ப் கிடையாது. ஒரு வால்வு திறக்கும். தண்ணீர் தன் எடையாலேயே வெளியே ஓடும். கழிவுக் குழாயைக் கட்டையின் மீதோ வாளியின் விளிம்பின் மீதோ தூக்கிப் போட்டிருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்குக் கீழே இறங்காது. குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டைப் பையில் மறந்துபோன சில்லறையும் கொண்டை ஊசியும் வால்வில் சிக்கிக்கொள்வதும் உண்டு. தண்ணீர் வெளியேறாவிட்டால் இயந்திரம் பிழியவும் செய்யாது. ஆகவே "பிழியவில்லை" என்ற புகாருக்குக் காரணம் அதற்கு முந்தைய படியில் இருக்கலாம்.

பிழியும்போது ஆடுகிறது

மையநோக்கு விசையை நினைவுபடுத்துங்கள். பிழிகூடையின் ஆரம் 25 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் அரை கிலோ ஈரத் துணி கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், அது உண்டாக்கும் விசை சுமார் 670 நியூட்டன். 68 கிலோ எடையுள்ள ஒரு பெரியவர் கூடையைப் பிடித்து வினாடிக்கு 12 முறை உலுக்குவதற்கு ஒப்பானது அது! துணியைப் பரப்பிப் போடுங்கள். அடுத்து, இயந்திரம் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுப் பின்கட்டுத் தரை கால்வாய்ப் பக்கம் சாய்ந்திருக்கும். மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் அந்தக் காலைத் திருகிச் சமப்படுத்துங்கள்.

மோட்டார் "ம்ம்ம்" என்று முனகுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் வார்ப்பட்டையோ மின்தேக்கியோ பழுதாகியிருக்கலாம். மின்தேக்கி, பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடியது. பின்பக்கத் தகட்டை நீங்கள் திறக்கக் கூடாது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

இயந்திரத்தின் உடலைத் தொட்டால் சுரீர் என்று இருந்தால், அது சிறிய தொல்லை அல்ல. மின்சாரம் உலோக உடலுக்குக் கசிகிறது, நிலக்கம்பியும் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். நம் நாட்டு மூன்று முனை பிளக்கில் நீளமான முனைதான் நிலக்கம்பிக்குரியது. கசியும் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் பாயாமல் நிலத்துக்குப் போக வழி அமைப்பது அதுதான். அதை வெட்டிவிடுவதும், இரண்டு முனை இணைப்பான் போடுவதும் அந்த வழியை அடைப்பதாகும்.

இயந்திரத்தைப் போட்டவுடன் வீட்டு மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பான் விழுகிறதா? அது போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இல்லையென்றால், வேறு ஏதோ வழியில் மின்சாரம் கசிகிறது. துண்டிப்பானைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

2023 மார்ச் மாதம் ஜொகூரில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் நம் யோங் பெங் வட்டாரமும் பத்து பகாட் மாவட்டத்தின் மற்ற பகுதிகளும் பாதிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் நனைந்த இயந்திரத்தை இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பிளக்கைச் செருகிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. வெளியே காய்ந்திருந்தாலும் மோட்டார் சுருளிலும் இணைப்புகளிலும் ஈரமும் சேறும் தங்கியிருக்கும். சேற்றில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். 230 வோல்ட் உங்களுக்கு இரண்டாம் வாய்ப்புத் தராது. தகுதி பெற்ற ஒருவர் சோதித்த பிறகே அதை இயக்க வேண்டும்.

உண்மையிலேயே இயந்திரம் பயனற்றுப் போனால் அதை ஆற்றோரம் தள்ளிவிடாதீர்கள். மலேசியாவில் மின்மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. முறையான சேகரிப்பு மையத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டு இயந்திரத்தில் ஒட்டியுள்ள வில்லையிலும் கையேட்டிலும் மின்னழுத்தம், திறன், குறைந்தபட்ச நீரழுத்தம் ஆகியவற்றைக் கண்டுபிடித்து எழுதுங்கள். தொட்டியின் உயரத்தை அளந்து, அந்த அழுத்தம் கிடைக்கிறதா என்று கணக்கிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு வலையையும் கழுவி வையுங்கள்.