கழுத்து நோவும் தலையணையும்

நீடாமங்கலம் பக்கத்தில் நாற்று நடுவோராயினும், கும்பகோணம் பக்கத்தில் குழித்தறியில் அமர்வோராயினும், கழுத்து நோவைப் பற்றிக் குறை கூறாத அங்கத்தினர்களைக் காண்பது அரிது. பேரேட்டின்மீது குனிந்தே பொழுதைக் கழிக்கும் எனக்கும் அந்நோவு புதியதன்று. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது தோளுக்கு நேரே நிற்குமாயின் எலும்புகள் தாங்கிக்கொள்ளும். முன்னே சாயச் சாய, பின்கழுத்துத் தசைகளே அதனை இழுத்துப் பிடிக்க நேரிடுகிறது. பகலெல்லாம் உழைத்த இத்தசைகளுக்கு இரவிலாவது ஓய்வு வேண்டும். சேலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் நெசவாளிக்குக் கழுத்து பிடித்துக்கொண்ட நாள் கூலியற்ற நாளாகும். ஆகவே தலையணையை அற்ப விஷயமென்று தள்ளிவிடலாகாது.

கழுத்தில் உள்ள 7 எலும்புகளும் முன்பக்கம் சற்றே வளைந்த வரிசையில் அமைந்துள்ளன. படுக்கும்பொழுதும் அவ்வளைவு குலையாதிருக்கச் செய்வதே தலையணையின் வேலை. மல்லாந்து படுப்போருக்குத் தாழ்ந்த தலையணை போதும். உயரம் மிகுந்தால் மோவாய் மார்பை நோக்கி மடங்கிவிடும். ஒருக்களித்துப் படுப்போருக்கோ, காதுக்கும் தோள் விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். குப்புறப் படுப்பது எத்தலையணையிலும் கழுத்தைத் திருகவே செய்யும்.

கழுத்து நோவு என்றதும், “தலையணையை எடுத்துவிட்டுப் படு” என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். மல்லாந்து படுப்போர் சிலருக்கு இது ஒருவேளை ஒத்துவரலாம். ஆனால் நம்மில் பலர் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுப்பவர்கள். மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தால் தோள் சற்றே உள்ளே அமிழும், பாயில் அமிழாது. எனவே மெத்தைக்காரருக்குப் போதுமான தலையணை பாய்க்காரருக்குத் தாழ்ந்துபோகும். அதையும் நீக்கிவிட்டால் தலை ஒரு பக்கமாகத் தொங்கி, இரவு முழுவதும் கழுத்து இழுபடும். மெத்தையில் படுப்போரை எண்ணி எழுதப்பட்ட அறிவுரைகளை நாம் அப்படியே பின்பற்றலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

பணம் செலவிடுமுன் அளவெடுத்தல் நன்று. வீட்டில் உள்ள பழைய வேட்டிகளையும் துண்டுகளையும் சதுரமாக மடித்து அடுக்கி, வழக்கமாகப் படுக்கும் பாயிலேயே படுத்துக்கொள்ளுங்கள். வீட்டார் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். ஒருக்களித்துப் படுத்த நிலையில் மூக்கும் மோவாயும் மார்பின் நடுவும் ஒரே நேர்க்கோட்டில் இருத்தல் வேண்டும். மல்லாந்த நிலையில் நெற்றியும் மோவாயும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மடிப்புகளைக் கூட்டியும் குறைத்தும் சில இரவுகள் பார்த்தால் உங்கள் உயரம் தெரிந்துவிடும். ஒருக்களித்துப் படுப்போர் பலருக்கு அது 4 முதல் 6 அங்குலத்திற்குள் அமையும். தலையின் பாரத்தால் அமுங்கிய பின்னர் உள்ள உயரமே கணக்கு. கடையில் உப்பி நிற்கும் உயரமன்று. தலையணை தலையையும் கழுத்தையும் மட்டுமே தாங்க வேண்டும், தோள் அதன்மேல் ஏறலாகாது. இது தெரியாமல் இரண்டு தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பல மாதங்கள் அவதியுற்றவன் நான்.

இனி உள்ளீடு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு வாணிபத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இலவ இழை உள்ளே வெறுமையான குழல் போன்றது. நீரை எளிதில் ஏற்காது. முற்காலத்தில் கப்பற்காரர்களின் உயிர்காப்புச் சட்டைகளில் அதனை அடைத்தது இக்குணம் பற்றியே. வழுவழுப்பாலும் குட்டையான இழையாலும் அது தனியே நூற்க வராது என்பதை நெசவாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருத்திப் பஞ்சு கனமானது. வியர்வையை உறிஞ்சிக் கட்டிதட்டும். இலவம் பஞ்சு இலேசானது, ஆயினும் நாளடைவில் நைந்து தாழும். நுரைப்பஞ்சு வடிவம் மாறாதிருக்கும். ஆனால் நம் வெயிற்காலத்தில் சூடு தட்டும், அளவு தவறினால் திருத்தவும் இயலாது. எந்த உள்ளீடும் எல்லோருக்கும் சிறந்ததென்று கூறுவதற்கில்லை. “கழுத்து நோவு தீர்க்கும்” என்ற விளம்பரத்திற்காக மட்டும் அதிக விலை கொடுப்பது, இலவு காத்த கிளியின் கதையாகவே முடியும்.

கை விரல்கள் மரத்துப்போதல், தறிக்கயிறு பிடியில் நில்லாமல் நழுவுதல், நடை தடுமாறுதல், நோவுடன் காய்ச்சல், கட்டுச் சுமையுடன் விழுந்தபின் உண்டான வலி ஆகியவை தலையணையால் தீரக்கூடியவை அல்ல. தைலம் தடவி நாளைக் கடத்தாமலும், கழுத்தைச் சொடுக்கிவிடுவோரிடம் செல்லாமலும், உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தைத்து வாங்குவோருக்கு ஒரு யோசனை. உறைத்துணி நெருக்கமான நெசவாக இருக்கட்டும். இல்லாவிடில் இலவந் துகள் வெளியேறித் தும்மலையும் இருமலையும் உண்டாக்கும். ஒரு பக்கத்து மூட்டுவாயில் ஒரு சாண் நீளத்தை மட்டும் எளிதில் பிரிக்கக்கூடிய ஓட்டுத்தையலாகப் போடச் சொல்லுங்கள். தையற்காரர் வழக்கமாகத் திணிக்கும் பஞ்சு பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். அவ்வழியே கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, வேட்டி மடிப்பில் கண்ட உயரத்திற்குக் கொண்டுவந்துவிடலாம். எடுத்த பஞ்சை எறியாமல் வைத்திருங்கள். தலையணையை அவ்வப்பொழுது வெயிலில் காயவைத்துத் தட்டிவிட வேண்டும். ஐப்பசி மழை பிடிக்குமுன் தவறாமல் செய்க. அப்படியும் உப்பாமல் தாழ்ந்து கிடந்தால், எடுத்துவைத்த பஞ்சை அதே வாயில் வழியாக மீண்டும் அடைத்துக்கொள்ளலாம்.