'பிரிக் வால்'ல பிரிக் என்ன வகை?

போன வாரம் சதுரங்கப்பட்டினத்துல இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்பாக்கத்தை ஒட்டி, டச்சுக்காரங்க கட்டின செங்கல் கோட்டை இருக்கே, அந்த ஊர்தான். சித்தி பையன் பத்தாவது படிக்கிறான், தமிழ் மீடியம். கோட்டைக்குள்ள உக்காந்து பேசிட்டிருந்தப்போ ஒரு டெஸ்ட் பேப்பரை எடுத்து நீட்டினான்.

'பிரிக் வால்' என்பதில் 'பிரிக்' என்ன வகைச் சொல்? இவன் நவுன்னு எழுதியிருக்கான். சிவப்பு மையில அடிச்சு அட்ஜெக்டிவ்னு திருத்தியிருக்காங்க. "எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணா. ப்ளஸ் ஒன்ல இங்கிலீஷ் மீடியம் குரூப் வேணாம்"னான். போனது ஒரே ஒரு மார்க். அதை வச்சு அடுத்த ரெண்டு வருஷத்தை முடிவு பண்ணிட்டிருந்தான்.

அவன் எழுதினது தப்பில்ல. திருத்தினவங்களும் சும்மா திருத்தல. நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா படிக்கிற ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் சொற்களை எட்டு வகையா பிரிக்குது. எதை வச்சுன்னா, வாக்கியத்துல அந்தச் சொல் பாக்குற வேலையை வச்சு. 'வால்'ங்கிறதை 'பிரிக்' விவரிக்குது. அப்ப அது அட்ஜெக்டிவ் வேலை பாக்குது. கணக்கு சரிதான்.

இன்னிக்கு மொழியியல்காரங்க இதை ரெண்டா பிரிச்சுப் பாக்குறாங்க. ஒரு சொல் எந்த வகைங்கிறது வேற, அது இந்த இடத்துல என்ன வேலை பாக்குதுங்கிறது வேற. 2002ல ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டு வந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் முழுக்க இந்தப் பிரிவு மேலதான் நிக்குது. நம்ம கோடு பாஷையில சொன்னா, டைப் வேற, ரோல் வேற. ஆபீஸ்ல நான் டெஸ்டிங் வேலை பாத்தாலும் என் டிகிரி மாறிடுமா என்ன?

வகையைக் கண்டுபிடிக்க டெஸ்ட் போட்டுப் பாக்கணும். 'வெரி ஓல்ட் வால்' சொல்லலாம். 'வெரி பிரிக் வால்' காதுல இடிக்கும். 'டூ பிரிக்ஸ்'னு பன்மை வரும்; 'டூ ஓல்ட்ஸ்' வராது. ஆனா ஒரே டெஸ்ட்டை நம்பக்கூடாது. பக்கத்துலயே இருக்கு பாருங்க, 'நியூக்ளியர் பிளான்ட்'. 'வெரி நியூக்ளியர் பிளான்ட்'னு யாரும் சொல்றதில்ல, இருந்தும் 'நியூக்ளியர்' அட்ஜெக்டிவ்தான். ஏன்னா 'டூ நியூக்ளியர்ஸ்'னும் வராது. அதோட நவுன் 'நியூக்ளியஸ்'னு தனியா இருக்கு. 'பவர் பிளான்ட்'ல 'பவர்' நவுன். கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்தின பென் ட்ரீபேங்க்ல 36 சொல்வகைக் குறிகள் இருக்கு. அங்கயும் இந்த மாதிரி இடத்துல நவுன் நவுன்தான்.

சொற்றொடர்லயும் இதே குழப்பம்தான். 'தி வால் நியர் தி கேட்'ல 'நியர் தி கேட்' சுவரை விவரிக்கிறதால பழைய புத்தகங்கள் அதை அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ்னு சொல்லும். புது முறைல தலைச்சொல்லைப் பாத்துப் பேர் வைப்பாங்க. தலை 'நியர்', அதனால பிரெபொசிஷன் ஃப்ரேஸ்.

தமிழ்ல 'செங்கல் சுவர்'னா செங்கல் பெயர்ச்சொல்தான், யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டாங்க. தொல்காப்பியத்துல பெயர், வினை, இடை, உரின்னு நாலே வகை. அட்ஜெக்டிவ்னு தனியா ஒரு பெட்டியே கிடையாது. 'பெரிய சுவர்'ல வர்ற 'பெரிய'வை மரபுல பெயரெச்சம்னு வினைப் பக்கம் சேத்துடுவாங்க. பையன் தமிழ் மூளையோட யோசிச்சுத்தான் நவுன்னு எழுதியிருக்கான்னு எனக்குத் தோணுது.

"சரிண்ணா, பப்ளிக்ல வந்தா என்ன எழுதுறது?"ன்னு கேட்டான். "நவுன், இங்க அட்ஜெக்டிவ் வேலை பாக்குதுன்னு ரெண்டையும் எழுது"ன்னேன்.

கொஞ்ச நேரம் சுவரையே பாத்துட்டிருந்தான். "அப்ப டச்சு ஃபோர்ட்ல 'டச்சு'?"

"நீயே டெஸ்ட் போடு."

"டூ டச்சஸ் வராது. வெரி டச்சு... வரும்ல? அட்ஜெக்டிவ்ணா!"