டீ போட எந்த அடுப்பு சிக்கனம்?

ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற சுமார் 300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கெட்டிலானாலும் விறகடுப்பானாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்த 300-ஐத் தண்ணீருக்குள் சேர்க்க எவ்வளவு எரிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மின் கெட்டிலில் சூடேறும் பாகம் தண்ணீரை ஒட்டியே இருப்பதால், இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை தண்ணீருக்குப் போய்விடுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 யூனிட். இண்டக்‌ஷன் அடுப்பும் கிட்டத்தட்ட இதே ரகம். மைக்ரோவேவில் பாதிதான் தேறும். கேஸ் அடுப்புக்கு இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 4246) கேட்கும் குறைந்தபட்சத் திறன் 68 விழுக்காடு. அது சோதனைக்கூடக் கணக்கு. சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் ஏற்றி, தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைச் சுடுகிற வீட்டில் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

அப்படியானால் கெட்டில்தான் சிக்கனமா? மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. வழியில் கம்பியிலும் கொஞ்சம் போகிறது. நிலக்கரியிலிருந்து கணக்கெடுத்தால் கெட்டில் தண்ணீருக்குச் சேர்ப்பது நூற்றுக்குச் சுமார் 25தான். சுமாரான கேஸ் அடுப்புகூட முந்திவிடும். மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவரிடம் மட்டும் இந்த வாதம் எடுபடாது.

ஆனால் அடுப்பைவிடப் பெரிய ஓட்டை, கொதி வந்த பிறகு இருக்கிறது. வெறும் 100 மில்லி தண்ணீர் ஆவியாகிப் போக 226 கிலோஜூல் பிடிக்கும். ஒரு முழு லிட்டரைக் கொதிக்கவைத்த செலவில் முக்கால் பங்கு. நம்மூர் டீயோ கொதிக்கக் கொதிக்கத்தான் ருசி என்று பெயரெடுத்தது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, தீயைக் கூட்டி வைத்துவிட்டு பேப்பர் படிக்க உட்காருகிறோம். தளபுளவென்று கொதித்தாலும் சிம்மில் மெல்லக் குமிழ்விட்டாலும் தண்ணீரின் சூடு அதே 100 டிகிரிதான். கூடுவது ஆவி மட்டும்.

இரண்டு டம்ளர் டீக்கு 300 மில்லி போதும் என்றால், டம்ளரால் அளந்தே ஊற்றுங்கள். பால் சேர்க்கும்வரை தட்டைப் போட்டு மூடியிருக்கட்டும். கொதி வந்ததும் சிம். பால் ஊற்றியதும் தட்டை எடுத்துவிட வேண்டும், பொங்கினால் அடுப்பைத் துடைக்கிற வேலை தனி. கடுங்காப்பி, கட்டஞ்சாயா ரசிகர்களுக்குக் கெட்டில் கச்சிதம். அதிலேயே பாலையும் காய்ச்சப் பார்க்காதீர்கள், அடிப்பிடிக்கும்.