மருந்தோடு ஒரு துணை

ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், விசாரிக்க வரும் உறவினர்களில் ஒருவராவது, "ஊசியும் மருந்தும் எதற்கு? யோகாசனம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்!" என்று சொல்லாமல் போவதில்லை. அன்பினால் சொல்வதுதான். ஆனால், அதைக் கேட்டு வைத்தியத்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. யோகம் புற்றுநோயைக் குணப்படுத்தாது.

அப்படியானால் அதனால் பயனே இல்லையா? நிச்சயமாக உண்டு. இரவெல்லாம் கொட்டுக் கொட்டென்று விழித்திருப்பது, ஒரு வேலையும் செய்யாமலே உடம்பு அசந்துபோவது, 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்று மனம் அடித்துக்கொள்வது: சிகிச்சை பெறுகிறவர்களை வாட்டும் இந்த மூன்றுக்கும் யோகம் கைகொடுக்கிறது.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், சிகிச்சை முடிந்த பிறகும் தூக்கமின்றித் தவித்த 410 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்; மற்றவர்களுக்கு அதோடு மூச்சுப் பயிற்சி, மெல்லிய ஆசனங்கள், தியானம். வாரம் இரண்டு முறை, முறைக்கு 75 நிமிஷம், நான்கே வாரம். 2013-ல் முடிவு வெளியாயிற்று. யோகம் செய்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள். தூக்க மாத்திரையின் தேவையும் குறைந்தது!

தலைகீழாக நிற்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். நாற்காலியில் அமர்ந்தபடி தோளை மெல்ல அசைக்கலாம், நிதானமாக மூச்சை இழுத்து விடலாம், சவாசனத்தில் படுத்திருக்கலாம்.

எதற்கும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். எலும்பில் நோய் பரவியிருந்தால், உடம்பை முறுக்குவதும் வளைப்பதும் எலும்பையே முறித்துவிடக்கூடும். மார்பில் ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டர் அனுமதிக்கிற அளவுக்குத்தான் அந்தப் பக்கத்துக் கையைத் தூக்க வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான வகுப்புகளுக்குப் போகக் கூடாது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பக்கத்தில் ஒரு பாயை விரித்து, நீங்களும் கூடவே செய்யுங்கள். தனியாக இல்லை என்ற தைரியமே நோயாளிக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்த முறை அந்த உறவினர் வந்தால், கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்: "யோகமும் நடக்கிறது, ஊசியும் நடக்கிறது, மாமா! வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறீர்களா?"