திருவாவடுதுறைக் குருமரபும் பெயரொற்றுமையும்

சைவ மடங்களின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் பெயரொற்றுமையாகும். குருவின் பெயரையோ குருமரபில் முன்னிருந்தார் பெயரையோ மாணாக்கர்க்குச் சூட்டுதல் ஆதீனங்களின் வழக்கம். அவ்வழக்கம் மரபின் தொடர்ச்சியைக் காட்டும், காலத்தையோ மறைக்கும். திருவாவடுதுறை ஆதீனத்தைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

அவ்வாதீனம் தன் மரபைத் திருக்கயிலாய பரம்பரை எனக் கொள்ளும். நந்திதேவர் முதற் பரஞ்சோதி முனிவர் ஈறாக நால்வர் அகச்சந்தானத்தார். மெய்கண்டார், அருணந்தி சிவம், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவம் ஆகிய நால்வர் புறச்சந்தானத்தார். உமாபதி சிவத்தின்பின் அருள்நமச்சிவாயர், சித்தர் சிவப்பிரகாசர் என வரும் வழியில் தோன்றிய நமச்சிவாய மூர்த்திகளே ஆதீன முதற்குரவர். ஈண்டுத் தலைமை குருதி வழிப்பட்டதன்று, அருளுரை வழிப்பட்டது. தலைவர் தம் காலத்திலேயே தக்க மாணாக்கரைத் தேர்ந்து சின்னப்பட்டம் அளித்தலால், தலைவர் மறைவுழியும் பீடம் வறிதாவதில்லை.

இனிப் பெயர்களை நோக்குக. அம்பலவாண தேசிகர் என்னும் பெயர் 15, 20, 24-ஆம் பட்டங்களில் வருகின்றது. இவர்க்கு நெடுங்காலம் முன்னரே அப்பெயருடைய தலைவர் ஒருவர் நூல் பல செய்துள்ளார். ஆதீனச் சார்பில் எழுந்த பண்டார சாத்திரங்கள் 14. அவற்றுள் 10 அம்முன்னை அம்பலவாண தேசிகர் இயற்றியவை. 2 தட்சிணாமூர்த்தி தேசிகருடையவை. எஞ்சியவற்றுள் சுவாமிநாத தேசிகர் ஒன்றும், பேரூர் வேலப்ப தேசிகர் ஒன்றும் செய்தனர். மேலும், தசகாரியம் என்னும் ஒரே பெயரில் மூவர் மூன்று நூல் செய்துள்ளனர். ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் ஒருங்கே மயங்குமிடத்துப் பின்னையோர் கருத்தை முன்னையோர்மேல் ஏற்றிக் கூறும் பிழை எளிதில் நேரும். அப்பிழை நேரின் சித்தாந்தக் கருத்து வளர்ந்த முறையே தலைகீழாகும்.

மரபினர் இதனை அறியாதவரல்லர். முன், பின் என்னும் அடைகளாலும் ஊர்ப்பெயராலும் ஒருவரை மற்றவரின் வேறுபடுத்தினர். 16-ஆம் பட்டத்தினரை மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் என வழங்குதல் காண்க. 1888-இல் மறைந்த அவரே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போற்றியவர். 1876-இல் பிள்ளையவர்கள் மறைந்தபின் உ. வே. சாமிநாதையர்க்குத் தாமே பாடஞ் சொன்னவர். சுப்பிரமணிய தேசிகர் என்று வாளா கூறின் இத்தொடர்பெல்லாம் விளங்காது.

துறவால் பெயர் மாறுதலும் நினைவிற் கொள்ளத்தக்கது. சிவஞான மாபாடியம் அருளி 1785-இல் மறைந்த சிவஞான முனிவரின் இளமைப் பெயர் முக்களாலிங்கர் என்பது. துறவுப் பெயரையே தேடுவார்க்கு அவர்தம் இளமை வரலாறு கிட்டாது.

ஆகலின், ஆதீனத் தலைவர் ஒருவரைக் குறிக்குமிடத்துப் பட்ட எண், ஊர், குருவின் பெயர், மறைந்த ஆண்டு ஆகிய நான்கனுள் இரண்டேனும் உடன்கூறுதல் வேண்டும். பதிப்பாசிரியரும் ஏட்டுச்சுவடிப் பட்டியல் தொகுப்பாரும் இதனை மேற்கொள்வாராயின், மடங்கள் பேணிய நூற்செல்வம் உரியவர்க்கே உரியதாய் நிலைபெறும்.